சவலைக் குழந்தையை வீட்டிலேயே தேற்றலாம்: குறைந்த செலவில் ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்துவது எப்படி

கடுமையாக மெலிந்துபோன குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் கிளம்பினால், முதலில் எல்லோரும் யோசிப்பது உணவைப் பற்றித்தான். எந்தப் பாக்கெட்டை வாங்குவது, யாரிடம் வாங்குவது, நாமே அரைத்துத் தயாரித்தால் மலிவாக வருமா, இப்படி. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். சில வருடம் இந்த வேலையில் கிடந்த பிறகு எனக்குப் பிடிபட்ட விஷயம், பணம் மிச்சமாவதும் வீணாவதும் வேறு இரண்டு இடங்களில். குழந்தையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்கள் என்பது ஒன்று. கண்டுபிடித்த குழந்தையை நடுவில் தொலைத்துவிடாமல் கடைசி வரை கொண்டுபோகிறீர்களா என்பது இன்னொன்று. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்ற செலவெல்லாம் தானாக அடங்கும்.

இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே நடத்திக்கொண்டு செலவு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று குழம்புகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து, டோஸ், யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ, அந்தந்த நாட்டின் அரசு நெறிமுறைப்படி முடிவு செய்ய வேண்டியவை. நான் எழுதுவது அந்த வேலையைச் சுற்றி இருக்கும் ஏற்பாடுகளைப் பற்றி.

வீட்டிலேயே சிகிச்சை என்பது எப்படிச் சாத்தியமானது

தமிழில் சவலை என்று ஒரு சொல் உண்டு. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததால் தாய்ப்பால் நின்றுபோய் இளைத்துப்போன குழந்தை. 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் இன்றைய கானாவில் வேலை பார்த்தபோது, கால் வீங்கி, தோல் உரிந்து வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். அங்கே கா மொழி பேசும் தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த பெயர் குவாஷியோர்கர். அதற்கும் கிட்டத்தட்ட இதே பொருள்தான், அடுத்த குழந்தை வரும்போது மூத்ததற்கு வரும் நோய். டாக்டர்கள் பெயர் வைப்பதற்கு முன்பே தாய்மார்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன், ஏனென்றால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயம் தாயின் கண்ணையும் கையையும் நம்பித்தான் நிற்கிறது.

1990கள் வரை இந்தக் குழந்தைகளுக்கு வார்டில் வைத்துத்தான் சிகிச்சை. எஃப்-100 என்ற சிறப்புப் பால், தண்ணீரில் கலக்க வேண்டும், கலந்து கொஞ்ச நேரத்தில் கெட்டுவிடும், அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. தாய் வாரக்கணக்கில் வார்டிலேயே கிடக்க வேண்டும். ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவும். ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சு டாக்டரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் சேர்ந்து அந்தப் பாலின் சத்தையே நிலக்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், விட்டமின், தாது உப்பு என்று ஒரு பசையாக மாற்றினார்கள். அதில் தண்ணீர் கிடையாது, அதனால் கிருமி வளராது. சமைக்க வேண்டாம், கலக்க வேண்டாம், பாக்கெட்டைக் கிழித்து அப்படியே ஊட்டலாம். 2000ஆம் ஆண்டு வாக்கில் எத்தியோப்பியாவில் ஸ்டீவ் காலின்ஸ் என்ற டாக்டரும் அவர் குழுவும் இதை வைத்துக் குழந்தைகளை வீட்டிலேயே தேற்றிக் காட்டினார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக உணவுத் திட்டமும் இந்த முறையை ஏற்று ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. கடுமையாக மெலிந்த குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு வார்டே தேவைப்படாது. செலவு குறைந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்: கட்டில், இரவு நர்ஸ், தாய்க்குச் சாப்பாடு எல்லாம் கணக்கிலிருந்து போய்விட்டது.

யாரைச் சேர்ப்பது

6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகள். இடது மேற்கையின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், அல்லது இரண்டு பாதங்களிலும் அமுக்கினால் குழி விழும் வீக்கம் இருந்தால், அது கடுமையான நிலை. 115 முதல் 125க்குக் கீழே வரை என்றால் நடுத்தர நிலை. எடையை உயரத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம், பல நாட்டு நெறிமுறைகளில் அதுவும் உண்டு, ஆனால் அதற்கு எடைக்கருவி, உயரப் பலகை, அட்டவணை, இரண்டு ஆட்கள் வேண்டும். ஒரு நாடா போதும் என்கிற இடத்தில் நாடாவோடு ஆரம்பியுங்கள். களத்தில் இதை மூவாக் டேப் என்பார்கள். கடுமையான நிலைக்குச் சிவப்பு, நடுத்தர நிலைக்கு மஞ்சள், நல்ல நிலைக்குப் பச்சை என்று நிறம் போட்டிருக்கும்.

நடுத்தர நிலைக் குழந்தைகள் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். எல்லோரையும் சேர்த்தால் பணம் பாதி வருடத்தில் தீர்ந்துவிடும், யாரையும் சேர்க்கவில்லை என்றால் அவர்களில் சிலர் அடுத்த மாதம் சிவப்பில் வந்து நிற்பார்கள். 2023இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு முன்னுரிமை. அதாவது 2 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சுற்றளவு 115 முதல் 119 வரை இருப்பவர்கள், ஏற்கெனவே ஒருமுறை தேறி மறுபடி விழுந்தவர்கள், வயதுக்கேற்ற எடை மிகவும் குறைந்தவர்கள். என் அபிப்பிராயம், கைக்காசு குறைவாக இருக்கும் நிறுவனம் இந்த வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் யார் அதிகம் கெஞ்சுகிறார்களோ அவர்களுக்குப் போய்ச் சேரும்.

6 மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தை இந்தத் திட்டத்தில் வராது. அதற்குப் பசை கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலைச் சரிசெய்வதுதான் சிகிச்சை, அதற்கென்று தெரிந்தவர்களிடம் அனுப்புங்கள். உயரம் குறைந்து வளர்ச்சி நின்ற குழந்தையும் வேறு பிரச்சினை, பாக்கெட் அதைத் தீர்க்காது.

நாடாவைத் தாயிடம் கொடுங்கள்

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும், நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான திட்டங்களில் என்ன நடக்கும் என்றால், மாதம் ஒருமுறை ஊழியர் வீடு வீடாகப் போய் அளப்பார். ஒரு குழந்தை நல்ல நிலையிலிருந்து சிவப்புக்குப் போக ஒரு வயிற்றுப்போக்கும் இரண்டு வாரமும் போதும். ஊழியர் அடுத்து வருவதற்குள் அது 105க்குப் போயிருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். தாய் தினமும் அந்தக் கையைப் பிடிக்கிறாள். அவள் கையில் நாடா இருந்தால் வாரம் ஒருமுறை அளப்பதற்குச் செலவே கிடையாது.

இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. நைஜரில் அலிமா என்ற மருத்துவத் தொண்டு நிறுவனம் ஒரு பகுதியில் தாய்மார்களுக்கும் இன்னொரு பகுதியில் சுகாதாரப் பணியாளர்களுக்கும் அளக்கச் சொல்லிக்கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது, 2016இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தாய்மார்களின் அளவு பணியாளர்களின் அளவுக்குக் குறைந்ததாக இல்லை. தாய்மார்கள் அளந்த பகுதியில் குழந்தைகள் சீக்கிரமே, சுற்றளவு அவ்வளவு இறங்குவதற்கு முன்பே வந்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர்கள் குறைந்தார்கள், செலவும் குறைந்தது.

சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். இடது கை தளர்வாகத் தொங்கட்டும். தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். தோலை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் சதை பிதுங்கக் கூடாது, இடைவெளியும் தெரியக் கூடாது. நாடாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் தெரியும் நிறத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் வீக்கம்: இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு பாதத்தின் மேல்பக்கத்தையும் மூன்று நொடி அழுத்தி எடுக்க வேண்டும், இரண்டிலும் குழி நின்றால் அன்றே கிளம்ப வேண்டும். வீக்கம் வந்த குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று தெரியும், பாட்டிமார்கள்கூடத் தேறிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அதனால் இதைக் கட்டாயம் ஒவ்வொருவரையும் செய்ய வைத்துப் பாருங்கள். நீங்கள் செய்து காட்டினால் மட்டும் பத்தாது, தாய் தன் கையால் தன் குழந்தைக்கே ஒருமுறை அளக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தாய் சிவப்பு என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வருகிறாள், உங்கள் நர்ஸ் அளந்தால் 116. சேர்க்க முடியாது, போய்விட்டு அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுகிறார்கள். அவள் திரும்பி வர மாட்டாள். நான்கு பேரிடம் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் சொல்வாள். வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் ஒரு திட்டம் மக்களைப் போய்ச் சேராமல் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதனால் 116 ஆக இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். மறுபடி அவள் கையாலேயே அளக்கச் சொல்லுங்கள், சரியாக வந்திருக்கிறீர்கள், நல்ல வேளை சீக்கிரம் வந்தீர்கள் என்று சொல்லுங்கள், தடுப்பூசி பாக்கி இருந்தால் போடுங்கள், அடுத்த வாரம் இன்ன நாள் வரச் சொல்லிப் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

நீங்கள் சீக்கிரம் கண்டுபிடிக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆய்வெல்லாம் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்த குழந்தைகளின் சுற்றளவை மாதக் கடைசியில் வரிசையாக எழுதி நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். 112, 113 என்றால் நாடா வேலை செய்கிறது. 106, 107 என்றால் தாமதமாக வருகிறார்கள், காரணத்தைத் தேட வேண்டும். எனக்குப் பிடித்த ஒரே எண் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அந்த எண் இறங்க ஆரம்பித்தால் சிகிச்சை நாட்கள், பாக்கெட் செலவு, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாமே பின்னாலேயே ஏறும்.

முதல் நாள்

வந்தவுடன் வரிசையில் உட்கார வைக்காமல் யாராவது ஒருவர் எல்லாக் குழந்தைகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். குடிக்க முடியாத குழந்தை, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுப்பது, வலிப்பு, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, கடும் காய்ச்சல், உடம்பு ஜில்லென்று இருப்பது, உடம்பெல்லாம் வீக்கம், இவை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மற்றவர்களுக்குப் பசிச் சோதனை: ஒரு பாக்கெட்டைத் தாயிடம் கொடுத்து, அமைதியான இடத்தில் உட்கார்ந்து ஊட்டச் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, சாப்பிடுகிறதா என்று பார்ப்பது. சாப்பிடாத குழந்தைக்கு உள்ளே ஏதோ பெரிய தொற்று இருக்கலாம், பார்க்க நன்றாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கூட்டம் அதிகமான நாளில் இந்தச் சோதனையைத்தான் முதலில் விடுவார்கள். விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பது சீட்டு எழுதிக் கொடுப்பதோடு முடிவதில்லை. வண்டிச் செலவு யார் கொடுப்பது, அங்கே தாய்க்குச் சாப்பாடு உண்டா, வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது, இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தச் சீட்டோடு தாய் நேராக வீட்டுக்குப் போய்விடுவாள். இதற்கு ஒரு தொகையை வருட ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்குச் சிகிச்சை சாதாரணக் குழந்தையைப் போல இருக்காது, வேகமாக டிரிப் ஏற்றினாலே இதயம் தாங்காமல் போகலாம். ஆரம்பத்தில் எஃப்-75 என்ற லேசான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பை நிலைப்படுத்திவிட்டுத்தான் சத்தை ஏற்ற வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் இது தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று முன்பே போய்ப் பேசிப் பழகி வையுங்கள். குழந்தை திரும்பி வரும்போது உங்களுக்குத் தகவல் வர வேண்டும், ஒரு போன் நம்பர் கைமாறினால் போதும்.

வீட்டில் சிகிச்சை பெறும் குழந்தைக்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சேரும்போது அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். மலாவியில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில் அதனால் இறப்பு குறைந்தது தெரிந்தது. நைஜரில் 2016இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் தேறும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியது குறைந்தது. மலிவான மருந்து, நெறிமுறையில் இருந்தால் கொடுங்கள். மலேரியா உள்ள இடத்தில் ரத்தப் பரிசோதனை, தட்டம்மைத் தடுப்பூசி, அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரை தனியாக வேண்டாம், பசையிலேயே இருக்கிறது.

பாக்கெட் கணக்கு

ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது, கடுமையான நிலையில் இருக்கும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 150 முதல் 185 கலோரி. 7 கிலோ குழந்தைக்கு 170 என்று வைத்தால் 1,190 கலோரி, அதாவது நாளுக்கு இரண்டரை பாக்கெட்டுக்குச் சற்றுக் குறைவு, வாரத்துக்கு 17. கடுமையான நிலையைத் தாண்டிய பிறகு கிலோவுக்கு 100 முதல் 130 கலோரியாகக் குறைக்கலாம் என்றும் அதே வழிகாட்டி இடம் கொடுக்கிறது. ஒரு அட்டைப்பெட்டியில் 150 பாக்கெட் வரும், தோராயமாக ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டு ஆரம்பிக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஒரே பெட்டியில் ஒன்றரைக் குழந்தை தேறும், தாமதமானால் இரண்டாவது பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அளவைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. புர்கினா ஃபாசோவில் மூன்றாம் வாரத்திலிருந்து பாக்கெட்டைக் குறைத்துப் பார்த்தார்கள், எடை ஏறுவதில் வித்தியாசம் இல்லை, ஆனால் உயர வளர்ச்சி கொஞ்சம் குறைந்தது, அதிலும் ஒரு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம். கென்யாவிலும் தெற்கு சூடானிலும் சிவப்புக்கு நாளுக்கு 2, மஞ்சளுக்கு 1 என்று எல்லோருக்கும் ஒரே எளிய கணக்கை வைத்துச் செய்ததில் தேறும் விகிதம் வழக்கமான முறைக்குக் குறையவில்லை, தேறிய குழந்தை ஒன்றுக்கான செலவு குறைந்தது. எளிய கணக்கு எனக்குப் பிடிக்கும், ஊழியர் தவறு செய்ய வாய்ப்பில்லை. ஆனால் உங்கள் நாட்டு நெறிமுறை அனுமதித்தால் மட்டும், அதுவும் ஒரு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கைவைக்காமல்.

நாமே தயாரிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், ஆரம்பத்தில் வேண்டாம். நிலக்கடலையில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு சேர வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க ஆய்வகம் வேண்டும், விட்டமின் கலவை கிராம் பிசகாமல் சேர வேண்டும். ஏற்கெனவே உயிருக்குப் போராடும் குழந்தைக்குப் போகும் உணவு அது.

தாயிடம் சொல்ல வேண்டியவை சில. தாய்ப்பால் முதலில், அப்புறம் பாக்கெட். தண்ணீரில் கலக்காதீர்கள், குடிக்கத் தண்ணீர் தனியாகக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. மீதியை மடித்து வைக்கலாம், கெடாது. காலிப் பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இது மருந்து, இந்தக் குழந்தைக்கு மட்டும். கடைசியில் சொன்னது வீட்டில் எல்லா நேரமும் நடக்காது, பசியோடு இருக்கும் அண்ணனும் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு குழந்தைக்கு மட்டும் இனிப்பான பசையை ஊட்டுவது எந்தத் தாய்க்கும் கஷ்டம். எடை ஏறாத குழந்தையின் தாயைத் திட்டாமல், வீட்டில் எத்தனை சின்னப் பிள்ளைகள் என்று கேளுங்கள். மற்றவர்கள் தூங்கும் நேரத்திலோ வெளியே விளையாடும் நேரத்திலோ ஊட்டலாமா என்று அவளோடு சேர்ந்து யோசியுங்கள்.

நடுவில் காணாமல் போகும் குழந்தைகள்

சிகிச்சை ஆறு முதல் எட்டு வாரம். மூன்றாவது வாரத்தில் குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிடும், ஓடும், வீட்டில் எல்லோரும் தேறிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். நாடா இன்னும் 119இல் நிற்கும். இரண்டு வாரம் வரவில்லை, மூன்றாவது வாரம் பெயரை அடித்துவிடுகிறோம், பதிவேட்டில் விலகியவர் என்று ஒரு வரி. அந்தக் குழந்தைக்காகச் செலவழித்த பாக்கெட், நர்ஸின் நேரம், எல்லாம் போயிற்று, குழந்தை மறுபடி சிவப்புக்கு வருமோ என்ற பயம் வேறு.

அதனால் ஒரு விதி: ஒரு வாரம் தவறினால் போன், போன் இல்லை என்றால் இரண்டு நாளுக்குள் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். போனால் ஏன் வரவில்லை என்று விசாரணை செய்யாதீர்கள், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நான் பார்த்த காரணங்களில் பாதிக்கு மேல் எங்கள் பக்கத்துத் தவறுதான். ஒரு இடத்தில் சிகிச்சை நாள் கூலி கிடைக்கும் நாளோடு மோதியது, மாற்றியதும் வருகை ஏறியது. இன்னொரு இடத்தில் காலையில் வந்தவர்கள் சாயங்காலம்தான் திரும்ப முடிந்தது, ஏனென்றால் எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தோம். ஒருமுறை பாக்கெட் வந்து சேராமல் இரண்டு வாரம் வெறுங்கையோடு அனுப்பினோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலரைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆயிற்று. அன்றிலிருந்து குறைந்தது எட்டு வாரத்துக்கான இருப்பு இல்லாமல் புதுக் குழந்தையைச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம், கடுமையான முடிவுதான், ஆனால் பாதியில் நிறுத்துவது அதைவிடக் கொடுமை.

வாரா வாரம் வர வைக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் நெருக்கமாகப் பாருங்கள், அபாயம் அப்போதுதான் அதிகம். எடை நன்றாக ஏறுகிறது, தாய்க்கு அளக்கத் தெரியும் என்றால் அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்தனுப்பலாம். தூரத்து ஊர்களுக்கு இன்னொரு வழி, அங்கேயே இருக்கும் சுகாதாரப் பணியாளரே சிகிச்சை கொடுப்பது. மாலியில் இப்படிச் செய்து பார்த்தார்கள், தேறும் விகிதம் குறையவில்லை, அதிகக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, தலைக்குச் செலவும் குறைந்தது.

விலகியவர் என்ற பட்டியலை நேர்மையாகப் பாருங்கள். அதில் இறந்த குழந்தைகள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொரு பெயரையும் தேடிப் போய் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும், இறந்திருந்தால் இறப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை அசிங்கமாகத் தெரியும், பரவாயில்லை. ஸ்பியர் என்ற சர்வதேசக் கையேட்டில் உள்ள வரம்பு: தேறியவர்கள் 75 சதவீதத்துக்கு மேல், இறப்பு 10க்குக் கீழே, விலகியவர்கள் 15க்குக் கீழே. இது குறைந்தபட்சம்தான், இதைத் தொட்டுவிட்டோம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

செலவை எப்படி எண்ணுவது

ஒரு குழந்தைக்கு இவ்வளவுதான் செலவு என்று பெருமையாகச் சொல்லும்போது, எந்தக் குழந்தைக்கு என்று கேட்க வேண்டும். சேர்ந்த குழந்தைக்கா, தேறிய குழந்தைக்கா?

ஒரு நிறுவனம் வருடத்துக்கு 10 லட்சம் செலவழித்து 500 குழந்தைகளைச் சேர்க்கிறது, தலைக்கு 2,000. தேறியது 300 பேர், அப்படிப் பார்த்தால் 3,333. இன்னொரு நிறுவனம் அதே 500 பேரைச் சேர்த்து 12 லட்சம் செலவழிக்கிறது, அதிகமான 2 லட்சமும் வீடு தேடிப் போகும் இரண்டு ஆட்களின் சம்பளம், 430 பேர் தேறினார்கள். தேறிய குழந்தை ஒன்றுக்கு 2,800கூட ஆகவில்லை. முதல் கணக்கைப் பார்த்து நன்கொடை கொடுப்பவர்கள் இரண்டாவது நிறுவனத்தை ஊதாரி என்று நினைப்பார்கள். அதனால் உங்கள் அறிக்கையில் தேறிய குழந்தை ஒன்றுக்கான செலவை மேலே போடுங்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சேர்த்து.

அந்தச் செலவில் எல்லாம் வர வேண்டும்: பாக்கெட், அதன் போக்குவரத்து, கிடங்கு, சம்பளம், பயிற்சி, நாடா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய செலவு, அலுவலக வாடகை, கணக்காளர். இலவசமாக யாராவது பாக்கெட் கொடுத்திருந்தாலும் அதன் விலையை எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்த இலவசம் நின்றதும் திட்டமே நின்றுவிடும். பணம் எங்கே கரைகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வரிதான், பாக்கெட்டும் சம்பளமும். வாரத்துக்கு நான்கு குழந்தைகள் மட்டும் வரும் மையத்திலும் ஒரு நர்ஸ் முழுநாள் உட்கார்ந்திருப்பார். அவரையே வாரத்தில் ஐந்து ஊருக்குச் சுற்ற வைத்தால் தலைக்கான செலவு சட்டென்று இறங்கும்.

இன்னொரு கேள்வி, கேட்கக் கஷ்டமானது: நாம் இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைத்திருக்காதா? பக்கத்திலேயே அரசு மையம் நன்றாக நடக்கும் இடத்தில் போய் இன்னொன்றைத் திறந்தால் உங்கள் எண்ணிக்கை அழகாக இருக்கும், கூடுதலாகத் தேறிய குழந்தை குறைவாகவே இருக்கும். அரசு மையத்தில் நர்ஸ் இருந்து பாக்கெட் இல்லை என்றால் பாக்கெட்டை மட்டும் கொடுங்கள். எல்லாம் இருந்து யாரும் வரவில்லை என்றால் நாடாவும் வீடு தேடிப் போகும் ஆட்களும்தான் உங்கள் வேலை.

பதிவேட்டின் தரத்தைப் பார்க்க ஒரு எளிய வழி. ஒரு மாதத்து அளவுகளை எடுத்து, கடைசி இலக்கம் எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 0, 5 மட்டும் குவிந்திருந்தால் நாடாவைச் சரியாகப் படிக்கவில்லை. 114 மட்டும் அளவுக்கு மீறி வந்தால் இரக்கப்பட்டு யாரோ 116ஐ 114 ஆக்குகிறார்கள். இரக்கம் புரிகிறது, ஆனால் அந்த ஊழியரிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், அபாயம் அதிகமுள்ள நடுத்தர நிலைக் குழந்தைகளைச் சேர்க்க நேர்வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

அனுப்பிவைப்பது

தொடர்ந்து இரண்டு வருகையில் 125 அல்லது அதற்கு மேல், இரண்டு வாரமாக வீக்கம் இல்லை, குழந்தை தெளிவாக இருக்கிறது, அப்போது முடிக்கலாம். எடை 15 சதவீதம் ஏறினால் போதும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். அதனால் மிகவும் மெலிந்த குழந்தைகள்தான் சீக்கிரம் வெளியே போனார்கள், தேறாமலே. பழைய அட்டைகளில் அந்தக் கட்டம் இன்னும் இருந்தால் அடித்துவிடுங்கள்.

முடிந்த பிறகும் சில குழந்தைகள் மறுபடி விழும், முதல் சில மாதங்களில்தான் அதிகம். அனுப்பும்போதே தாயை மறுபடி ஒருமுறை அளக்க வைத்து, மஞ்சள் வந்தாலே வாருங்கள், சிவப்பு வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். முதல் மாதமும் மூன்றாம் மாதமும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும்போது பையில் நாலைந்து நாடா கூடுதலாக இருக்கட்டும். அந்தத் தெருவில் யாராவது ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இதையும் கொஞ்சம் அளந்து பாருங்கள் என்பாள்.